பாலமுரளி வீட்டுப் போர்பன்

கார்க் பாதியில் ஒடிந்தது. மேல்பாதி கோபாலசாமியின் கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதி பாட்டிலின் கழுத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பாட்டில் அவருடையது அல்ல. வீடும் அவருடையது அல்ல. இரண்டுக்கும் சொந்தக்காரரான பாலமுரளி, மனைவி தன்யாவோடு ஒரு மாத லீவில் கோயம்புத்தூரில் இருந்தார். ஜூலை வந்தால் வளைகுடா வெயிலுக்குப் பயந்து ருவைஸ் எண்ணெய் ஆலைக் குடியிருப்பில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். போகிறவர்கள் இருக்கிறவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஏ.சி. ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஷோகேஸைத் திறந்து விஸ்கியை முகர்ந்து பார்க்கும்படி யாரும் கோபாலசாமியிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆனாலும் முகர்ந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அது டூப்ளிகேட் சரக்கு என்று தெரிந்துவிட்டால் நான்கு மாதமாக எரிகிற வயிறு அன்றைக்கே குளிர்ந்துவிடும்.

மார்ச் மாதம் கம்பெனி பாலமுரளியை ஒரு பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியது. ஸ்டோர்ஸில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நம்பர் போடுகிற ஆளுக்கு அமெரிக்காவில் என்ன பயிற்சி என்று கோபாலசாமி அப்போதே கேட்டார். திரும்பி வரும்போது பாலமுரளி ஒரு போர்பன் விஸ்கி பாட்டிலைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்த சரக்கு. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமை யார் வீட்டில் விருந்து நடந்தாலும் அந்தப் பாட்டிலும் கூடவே வரும். மருந்து பாட்டில் மூடியில் அளந்து ஆளுக்கு ஒரு மூடி ஊற்றுவார். ஒரு மூடிக்கு அரை மணி நேரம் பேச்சு.

"போர்பன்னா சும்மா இல்லீங்க. நூத்துக்கு அம்பத்தோரு பங்காவது மக்காச்சோளம் இருக்கோணும். பீப்பாய் புத்தம்புது ஓக் மரத்துல செஞ்சிருக்கோணும். உள்பக்கத்தை நெருப்புல காட்டிக் கரியாக்கியிருக்கோணும். ஒருக்கா வெச்ச பீப்பாயில மறுக்கா வெச்சா அது போர்பனே இல்லீங்க" என்று ஒரு வாரம்.

"பீப்பாயில கெடக்கறப்ப வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாப் போயிருமுங்க. அதுக்கு தேவதைகளோட பங்குன்னு பேரு" என்று இன்னொரு வாரம்.

இதையெல்லாம்கூடக் கோபாலசாமி பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது நீலாவின் முகம். பாலமுரளி வாயைத் திறந்தால் போதும், கோபாலசாமியின் மனைவி வைத்த கண் வாங்காமல் அவரையே பார்ப்பாள். உதடுகூட லேசாக அசையும். பாலமுரளி எங்கேயாவது நின்றுவிட்டால், "பீப்பாயில ஊத்தும்போது எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கலாம்?" என்று அக்கறையாக ஒரு கேள்வி கேட்பாள்.

"நல்ல கேள்விங்க! அறுபத்திரண்டரை சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்க" என்று பாலமுரளி மறுபடியும் கிளம்பிவிடுவார்.

கோபாலசாமி யார்? ஆலையில் காய்ச்சி வடிக்கும் பிரிவின் சீனியர் இன்ஜினியர். பதினாறு வருஷமாகக் கச்சா எண்ணெயைக் கொதிக்கவைத்து, ஆவியாக்கி, ஐம்பது மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் தட்டுத் தட்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நீலா கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது, "அந்தக் கோபுரத்துல எத்தனை தட்டு இருக்குங்க?" என்று கேட்டிருப்பாளா? நாற்பத்தெட்டு. ஒருவரும் கேட்கவில்லை.

"எவ்வளவு கோர்வையாச் சொன்னார் பார்த்தீங்களா? ஒரு இடத்துலகூடத் தடுமாறலை" என்றாள் நீலா, ஒரு விருந்து முடிந்து வரும்போது.

"ம்" என்றார் கோபாலசாமி. அன்றைக்குச் சாப்பிட்ட பிரியாணி அவருக்குச் செரிக்கவில்லை.

நீலாவின் மேல் அவருக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது அதைவிட மோசம். அந்த முகத்தோடு அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கோபாலசாமியின் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்கு முதலில் பாலமுரளி வாய் மூட வேண்டும். அதற்காகத்தான் பாட்டிலைத் திறந்தார். இப்போது கார்க் ஒடிந்து நிற்கிறது.

தன்யாவின் சமையலறையிலிருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து, மிச்சக் கார்க்கைக் குத்தி வெளியே எடுக்கப் பார்த்தார். அது உள்ளே போய் விழுந்து, தூள் தூளாகி மிதந்தது.

வடிகட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வடிப்பது அவருடைய தொழில். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வாளிக்குள் பாட்டிலை வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீலா காதில் ஹெட்போனோடு ஹாலில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துபாய் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஏதோ வேலை செய்கிறாள். ஏ.சி. ஒத்துக்கொள்ளாமல் ஒரு வாரமாக ஜலதோஷம் வேறு. அவர் போனதையும் வந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

விருந்தாளிகள் வந்தால் எடுக்கிற பெரிய காபி ஃபில்டர் சமையல் மேடையிலேயே இருந்தது. மிச்சமிருந்த போர்பன் முழுவதையும் அதில் ஊற்றினார். சொட்டுச் சொட்டாக, அழகாக, கார்க் தூள் இல்லாமல் கீழே இறங்கியது. அது இறங்கி முடிப்பதற்குள் பாட்டிலைக் கழுவி வைத்துவிடலாம் என்று குளியலறைக்குப் போனார். கழுவுகிற வேகத்தில் லேபிள் நழுவிக் கையோடு வந்துவிட்டது. அதைப் பத்திரமாகக் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்துவிட்டுத் திரும்பினார்.

நீலா சமையலறைத் தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள். கையில் ஃபில்டரின் கீழ்ப்பாத்திரம் கவிழ்ந்திருந்தது.

"ஏங்க, டிகாஷன் நீங்களா போட்டீங்க?"

"ஆ... ஆமா."

"இவ்வளவு தண்ணியாவா போடுவாங்க? இதை யார் குடிக்கிறது? கொட்டிட்டேன். வேற போடுறேன், இருங்க."

பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் தூங்கிய போர்பன் ருவைஸ் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. தேவதைகளின் பங்கு முழுசாகக் கிடைத்துவிட்டது.

மறுநாள் கோபாலசாமி ஒரு நாள் லீவு போட்டார். நீலாவிடம் டிரெய்னிங் என்று சொல்லிவிட்டு, இருநூற்று நாற்பது கிலோமீட்டர் காரோட்டி அபுதாபிக்குப் போனார். மூன்று கடை ஏறி இறங்கியும் அந்தப் பிராண்ட் கிடைக்கவில்லை. கிடைத்த போர்பனில் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டார். பார்க்கிங்கில் உட்கார்ந்து லேபிளைப் படித்தபோதுதான் விவரம் புரிந்தது. முப்பத்தாறு மாதம் என்று போட்டிருந்தது. கூடவே போனைத் திறந்து படித்தார். நாலு வருஷத்துக்குக் குறைந்த போர்பன் என்றால் லேபிளில் வயசைச் சொல்லியே ஆக வேண்டுமாம். நிறத்துக்காக எதையும் கலக்கக் கூடாதாம். பீப்பாய் கொடுக்கிற நிறம்தான் நிறம்.

அந்த நிறத்தில்தான் வில்லங்கம். பாலமுரளியின் போர்பன் பழுத்த ஈச்சம்பழ நிறம். இது வெறும் தேன் நிறம். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

ஓக் மரம் கிடைத்தால் சுட்டுப் போட்டு நிறத்தை ஏற்றிவிடலாம். சைட்டில் தச்சு வேலை பார்க்கிற வீரபாண்டியைக் கூப்பிட்டார்.

"ஓக்கா? அப்படி ஒரு மரம் நம்ம சைட்டுல மாஃபி சார், இல்லவே இல்ல. பம்ப் வந்த பெட்டியோட பலகை கெடக்கு, வேணும்னா தாரேன்."

"அது என்ன மரம்?"

"பம்ப்பு அமெரிக்கா பம்ப்பு சார். பலகை மட்டும் சப்பான்லருந்தா வந்திருக்கும்?"

அந்த வாதத்தில் கோபாலசாமியால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பத்துத் துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். நீலா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அடுப்பைப் பற்றவைத்து, துண்டுகளை இடுக்கியில் பிடித்துச் சுட்டார். இரண்டாவது துண்டுக்கே கூரையிலிருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டியது. செக்யூரிட்டி ஹஸ்னைன் மூச்சிரைக்கக் கதவைத் தட்டினார்.

"கியா ஜல் ரஹா ஹை, பாய்?"

எதை எரிக்கிறேன் என்று சொல்வது? "பேங்கன்! பேங்கன்!" என்றார். கத்தரிக்காய்.

"அச்சா" என்று ஹஸ்னைன் தலையை ஆட்டினார். ஆனால் புகை போகிற வரை நகரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அதற்குள் நீலா வந்தாள். "சாப் பேங்கன் பனா ரஹா ஹை" என்று அவளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

"கத்தரிக்காய் சுட்டீங்களா? கொத்சுக்கா?" நீலாவுக்கு ஆச்சரியம். "எங்கே கத்தரிக்காய்?"

அவள் வாங்கி வந்த பையில் நல்லவேளையாகக் கத்தரிக்காய் இருந்தது. கோபாலசாமி தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொத்சு செய்தார். உப்பு போட மறந்துவிட்டார். நீலா சாப்பிட்டாள், ஆனால் அவரைப் பார்த்த பார்வையில் பாலமுரளிக்குக் கிடைக்கிற மரியாதை துளியும் இல்லை.

சுட்ட துண்டுகளை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒரு பாட்டில் போர்பனையும் ஊற்றினார். வெயிலில் சரக்கு மரத்துக்குள் போகும், குளிரில் வெளியே வரும், அப்படிப் போய்வந்துதான் நிறம் ஏறும் என்று படித்திருந்தார். ஆகவே பகலில் நாற்பத்தேழு டிகிரி பால்கனி, மாலையில் ஃப்ரிட்ஜ் என்று ஜாடியை மாற்றி மாற்றி வைத்தார். கென்டக்கியில் பன்னிரண்டு வருஷம் எடுப்பதை ருவைஸில் பன்னிரண்டு நாளில் முடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

நாலாம் நாள் நீலா ஜாடியோடு வந்தாள்.

"ஏங்க, இது என்ன, உள்ள கட்டையெல்லாம் கிடக்கு?"

"அது... மூலிகை. மூட்டு வலிக்கு. வீரபாண்டி குடுத்தான்."

நீலா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். ஜலதோஷம் சரியாகிவிட்டது போலிருக்கிறது, சற்று அதிக நேரமே முகர்ந்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, "காலைக் காட்டுங்க" என்றாள்.

"இல்ல, வேணாம், நானே..."

"வலியை வெச்சுக்கிட்டு எதுக்குச் சும்மா இருக்கணும்? காட்டுங்க."

கைநிறைய எடுத்து முழங்காலிலிருந்து பாதம் வரை தேய்த்தாள். ஒரு கால் முடிந்ததும் இன்னொரு கால். பாதி ஜாடி காலி. மிச்சத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது ஈச்சம்பழ நிறத்துக்குப் பதில் பாசி நிறம் வந்திருந்தது. கோபாலசாமி அதையும் தொட்டியில் கொட்டினார். இரண்டு நாளைக்குக் கால் அரித்தது.

பாலமுரளி வர இரண்டு நாள்தான் பாக்கி. கையில் மிச்சம் ஒரே ஒரு பாட்டில், அதுவும் தேன் நிறம். கோபாலசாமிக்கு வேறு வழி தோன்றவில்லை. ஏலக்காய் தட்டிப்போட்டு, பால் விடாமல் திக்காக ஒரு சுலைமானி டீ போட்டு, ஆறவைத்து, பாதிக்குப் பாதி கலந்தார். ஈச்சம்பழ நிறம் அச்சாக வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வராத குறை. லேபிளை நாலு சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டினார். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஒடிந்த கார்க்கின் மேல்பாதிக்கு, குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் சுற்றித் தடிமனாக்கிச் சொருகினார். ஷோகேஸில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். கலாஸ், வேலை முடிந்தது. கடவுளுக்குத்தான் தெரியும், கடவுள் போர்பன் குடிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை பாலமுரளி வீட்டில் விருந்து. ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பைக் கொடுக்க வேண்டுமே. கோபாலசாமி, நீலா, எதிர்வீட்டு அருள்ராஜ் என்று ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். தன்யா தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். பாலமுரளி பாட்டிலை எடுத்தார். கார்க் வழக்கத்துக்கு மாறாகச் சுலபமாக வந்தது. வெள்ளை டேப்பை அவர் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் ரசிகர்களை.

ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினார். முதலில் தான் ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"ஆஹா..." என்றார் பாலமுரளி. "முதல்ல வெனிலா. அப்புறம் கருக்குன சர்க்கரை. கடைசியில, அடித்தொண்டையில, அந்தக் கரிஞ்ச ஓக்கு. பன்னெண்டு வருஷம்னா சும்மாவா?"

"எனக்கு என்னவோ ஏலக்காய் வாசனை வருதே" என்றார் அருள்ராஜ்.

"அது மரத்துல இருந்து வர்ற வாசனைங்க. பழைய சரக்குலதான் அது வரும்."

தப்பித்தாயிற்று. கோபாலசாமி இதோடு விட்டுவிட்டு, ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தால் கதை சுபம். ஆனால் அவர் திரும்பி நீலாவைப் பார்த்தார். அதே முகம். அதே விரிந்த கண். உதடு அசைகிறது. இந்த ஆள் சுலைமானியைக் குடித்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் என்கிறான், இவளும் அதைக் கேட்டுச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். நாலு மாதமாக அடக்கிவைத்த பொறாமை மொத்தமும் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அது டீ!" என்று கத்தினார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாதி டீ. நான்தான் போட்டேன். ஏலக்காயும் நான்தான் தட்டிப்போட்டேன். மிச்சப் பாதி அபுதாபியில வாங்கின மூணு வருஷச் சரக்கு!"

பாலமுரளியின் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது. கோபாலசாமி நிற்கவில்லை. கார்க் ஒடிந்தது, டிகாஷனாகக் கொட்டப்பட்டது, பலகை, கத்தரிக்காய், முழங்கால் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி தூரம் போன பிறகு வெட்கம் போய், ஒரு வேகம் வந்துவிட்டது.

"இவருக்கு நாக்குல ருசியே கிடையாது. நாலு வருஷத்துக்குக் குறைஞ்சதுன்னா லேபிள்ல வயசைப் போட்டே ஆகணும். நிறத்துக்கு ஒரு சொட்டு எதையும் கலக்கக் கூடாது. பாட்டில்ல அடைக்கும்போது நாப்பது சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. இதுல இருபதுகூட வராது. இதைப் போய் பன்னெண்டு வருஷப் போர்பன்ங்கறார்!"

நீலா தன்னையே பார்ப்பதைக் கோபாலசாமி கண்டார். கண் விரிந்திருந்தது. உதடு லேசாக அசைந்தது.

"ஸ்ட்ரெய்ட் போர்பன்னு லேபிள்ல போடணும்னா எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"ரெண்டு! குறைஞ்சது ரெண்டு!"

"அமெரிக்காவுல எங்க வேணாலும் செய்யலாமா?"

"எங்க வேணாலும் செய்யலாம். கென்டக்கியிலதான்னு சட்டம் இல்ல!"

நீலா புன்னகை செய்தாள். கோபாலசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு மாத எரிச்சல், நானூற்று எண்பது கிலோமீட்டர் பயணம், இரண்டு கால் அரிப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த புன்னகை அது. ஜெயித்த தெம்பில் பாலமுரளியின் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாலா, உங்களுக்கு இதையெல்லாம் எந்த அரைவேக்காடு சொல்லிக் கொடுத்தான்?"

பாலமுரளி தலையைக் குனிந்துகொண்டார். மைசூர்பாகுத் தட்டோடு நின்றிருந்த தன்யாதான் பதில் சொன்னாள்:

"நீலாக்காதானுங்ணா எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சாங்க, அவங்க வேலையே அந்தத் துபாய் கம்பெனிக்கு இந்த பாட்டில் லேபிளையெல்லாம் சரிபார்க்கறதுதானுங்களே, அதையெல்லாம் மொதல்ல ஆசையா உங்ககிட்டத்தான் சொன்னாங்களாமா, நீங்க 'உம்' கொட்டிட்டே தூங்கிப்போயிட்டீங்களாமா!"